ஆடியில் குளிர், தையில் புயல்: நான் பார்த்த மொரீஷியஸ்

"தீவுக்குப் போறோம். கடலும் வெயிலும்தான் இருக்கும். அங்கே ஸ்வெட்டர் எதுக்கு?" என்றார் இவர்.

நானும் தலையாட்டினேன். மொரீஷியஸ் என்றால் காலண்டர் படம்தானே எனக்குத் தெரியும்? நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. ஆகவே பெட்டியில் காட்டன் புடவைகள், சின்னவனுக்கு அரைக்கால் சட்டைகள், நாத்தனாருக்குப் பிரசவ லேகியம், குழந்தைக்கு மல் துணி இரண்டு டஜன் என்று அடுக்கிவிட்டேன்.

2024 ஜூலையில் போனோம். நாத்தனாருக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாமியாரால் முழங்கால் வலியோடு வர முடியவில்லை. "நீ போய்ப் பார்த்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். மூன்றாவது படிக்கும் சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பத்து நாள் லீவு சொன்னோம்.

ஒன்றை மட்டும் எடுத்துப் போகவில்லை. சின்னவனுக்கு வீசிங் உண்டு. இரண்டு வருஷமாக வரவில்லை. அதனால் அவனுடைய பஃப் மருந்தை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். கடல் காற்று நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு!

விமான நிலையம் தீவின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. இறங்கியபோது இதமான காற்றுதான். நாத்தனார் வீடு க்யூர்பிப் என்ற ஊரில். கார் கரும்புக் காடுகளுக்கு நடுவே ஏற ஏற, கண்ணாடியில் பனி படர்ந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது மாவு சலித்த மாதிரி சன்னமாகத் தூறல். நாத்தனார் ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணி, இப்படி வந்திருக்கீங்க? இங்கே இது குளிர்காலம்!"

பிறகுதான் விளக்கினாள். மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, சுமார் 20 டிகிரியில் இருக்கிறது. நமக்கு நேர் எதிர்ப் பருவம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை, அதுதான் மழைக்காலமும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர். மே, அக்டோபர் இரண்டும் இடைப்பட்ட மாதங்கள். ஆடி மாதத்தில் அங்கே மார்கழி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மறுநாள் துணி உலர்த்தப் போனபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. மார்கழியில் நம் வீட்டில் தெற்குப் பக்கம்தான் வெயில் சாய்ந்து விழும். அங்கே நாத்தனார் கொடிக்கயிற்றை வடக்குப் பக்கம் கட்டியிருந்தாள். குளிர்காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறதாம். ஆனால் வடக்கே கட்டி என்ன செய்ய? வெயில் வந்தால்தானே! இரண்டு நாளாகியும் மல் துணி ஈரம் விடவில்லை. இஸ்திரி போட்டு உலர்த்தினோம். இட்லி மாவு ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் வைத்தும் பொங்கவில்லை. கம்பளியைச் சுற்றி அடுப்பு ஓரமாக வைத்தேன். நாத்தனார் சிரித்தாள். "குழந்தைக்குக்கூட நான் இவ்வளவு சுத்தலை அண்ணி!"

மூன்றாம் நாள் இரவு சிரிப்பெல்லாம் போயிற்று. வெளியே 14, 15 டிகிரிதான் இருந்திருக்கும். நம் ஊட்டியை நினைத்தால் அது பெரிய குளிரில்லை. ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்தால் எலும்புக்குள் இறங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு சின்னவன் எழுந்து உட்கார்ந்தான். மார்பில் விசில் சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. "அம்மா, பஃப்..." என்று கையை நீட்டினான். என்னிடம் ஏது?

அந்த நிமிஷத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. இதைப் படிக்கிற தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்.

நாத்தனார் வீட்டுக்காரர் உடனே காரை எடுத்தார். மருத்துவமனையில் நெபுலைசர் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. இளம் டாக்டர் ஒருவர், பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினார். குளிர்ந்த காற்று, சுவரில் படரும் பூஞ்சை, ஈர மெத்தையில் வளரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாமே இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பக்கூடியவை என்றார். பஃப் மருந்து எழுதிக் கொடுத்தார். "முடிந்தால் சில நாள் மேற்குக் கரைப் பக்கம் போய் இருங்கள். அங்கே உலர்ந்திருக்கும். ஆனால் இடம் மாறினாலும் மருந்து கையிலேயே இருக்கட்டும்" என்றார்.

இந்தச் சின்னத் தீவில் மேற்காவது கிழக்காவது என்று நினைத்தேன். நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. ஆனால் டாக்டர் சொன்னது சரிதான்.

இட்லிப் பானையை நினைத்துப் பாருங்கள். ஆவி மேலே போய் மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டுகிறது அல்லவா? தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் கடல் காற்று இந்தத் தீவின்மேல் வீசுகிறது. நடுவே உள்ள மேட்டு நிலத்தில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகிவிடுகிறது. க்யூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரம். அதனால்தான் அங்கே எப்போதும் தூறல். ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, காற்று மேற்குப் பக்கம் உலர்ந்து இறங்குகிறது. மேற்குக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்றால், மேட்டு நிலத்தில் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் கொட்டும் இடங்கள் உண்டு.

க்யூர்பிப் ஊர் வளர்ந்த கதையைக் கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. 1867-ஐ ஒட்டி போர்ட் லூயி நகரில் மலேரியா பரவி ஏராளமானோர் இறந்தார்களாம். வசதியுள்ளவர்கள் கொசுவுக்குப் பயந்து இந்தக் குளிர்ந்த மேட்டுக்குக் குடியேறினார்கள். மற்றவர்கள் ஆரோக்கியம் தேடி வந்த ஊரில்தான் என் பிள்ளைக்கு மூச்சு முட்டியது!

மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் என்ற ஊரில் சமையலறையோடு ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். க்யூர்பிப்பிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இறங்கினால் சுள்ளென்று வெயில்! பகலில் 25 டிகிரி. துவைத்த துணி மத்தியானத்துக்குள் மொறமொறவென்று காய்ந்தது. பவளப் பாறைகள் அரண் போல நிற்பதால் கரையோரம் அலையே இல்லை. தண்ணீர் மட்டும் கொஞ்சம் சில்லென்றிருந்தது. சின்னவன் மணலில் ஓடினான். இரவில் அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை.

நாத்தனாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் வந்து இருந்தாள். வடக்குச் சன்னல் வழியே வந்த காலை வெயிலில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்தேன். மாமியார் எதற்காக என்னை அனுப்பினாரோ அது அங்கேதான் நிறைவேறியது.

ஒருநாள் க்யூர்பிப் போய், போர்ட் லூயிக்கு மெட்ரோ ரயிலில் போனோம். 2022 முதல் அது ஓடுகிறது. ஏறும்போது ஸ்வெட்டர், பாதி வழியில் அதைக் கழற்றினோம். கோரமண்டல் என்று நம்மூர்ப் பெயரில் ஒரு ஸ்டேஷன் வந்தபோது வியர்க்கவே ஆரம்பித்துவிட்டது. கடையில் கொடுத்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து சின்னவன் குதித்தான்.

"அடுத்த தடவை தைப்பூசத்துக்கு வாங்க அண்ணி. காவடிக்கு இங்கே அரசாங்க விடுமுறை" என்றாள் நாத்தனார். ஆனால் தை மாதம் அங்கே நடுக்கோடை, புயல் காலமும்கூட. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்து போனதைச் சொன்னாள். 1960-இல் கரோல் என்ற பெரும்புயல் மர வீடுகளையும் ஓலை வீடுகளையும் வாரிக்கொண்டு போனதாம். அதற்குப் பிறகுதான் தட்டைக் கூரையுள்ள கான்கிரீட் வீடுகள் பெருகின. புயல் எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டு அறிவிப்பார்கள். எண் ஏறும் முன்பே மெழுகுவத்தி, தண்ணீர், குழந்தைக்குப் பால் பவுடர் எல்லாம் வாங்கி வைத்துவிடுவது அங்குள்ள இல்லத்தரசிகளின் வழக்கம்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

எந்த மாதம் என்று மட்டும் கேட்காதீர்கள். தீவின் எந்தப் பக்கம் தங்கப் போகிறோம் என்றும் கேளுங்கள். குளிர்காலத்தில் கிழக்குக் கரையில் காற்று அதிகம். சின்னக் குழந்தையோடு போனால் மேற்கு நல்லது.

மே, அக்டோபர் மாதங்கள் பதமானவை. லிச்சிப் பழம் வேண்டுமென்றால் நவம்பர், டிசம்பர். ஆனால் வெயிலையும் திடீர் மழையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை போனால் புயலுக்காக இரண்டொரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதமானாலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு. குளிர்காலமென்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். கடற்கரையில் இரண்டு மணி நேரத்தில் சின்னவனின் தோள் சிவந்துவிட்டது.

வீசிங் உள்ள பிள்ளையின் மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில், டாக்டர் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். "இப்போதெல்லாம் வருவதில்லையே" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அலமாரியிலிருந்த அந்தப் பஃப்பை எடுத்துத் தேதி பார்த்ததுதான். காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. எடுத்துப் போயிருந்தாலும் அதை முழுசாக நம்பியிருக்க முடியாது! இப்போது புதிது ஒன்று என் கைப்பையில் இருக்கிறது. காய்கறி வாங்கப் போனாலும் கூடவே வருகிறது. நேற்று நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, இன்னிக்கு எங்க வீட்டிலே துணி காய்ஞ்சிடுச்சு!"

அவள் குரலில் இருந்த சந்தோஷம், க்யூர்பிப்பில் துணி உலர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.