பிரிட்ஜுக்கும் குளிரடிக்குமா?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. மலைநாட்டில் பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும், கிழக்கிலிருந்து இந்தப் பக்கம் மாற்றலாகி வரும் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம். எங்களுடைய தவறுகளையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தோம்.

நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியர்கள். ஊர் கல்முனை. எங்களில் ஒருவர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்தவர் என்பதால், மலைநாட்டுக் குளிர் நமக்குப் பழக்கம்தானே என்ற நினைப்பில் போன வருடம் இடமாற்றம் வாங்கி கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு வந்தோம். பத்தனைக் குளிர் வேறு, கந்தப்பளைக் குளிர் வேறு என்பது வந்த பிறகுதான் விளங்கியது.

கலியாணத்துக்கு உம்மா வாங்கித் தந்த பிரிட்ஜையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மேலே பிரீஸர், கீழே பிரிட்ஜ், இரண்டு கதவு. கல்முனை வெக்கையில் ஏழு வருடம் ஒரு நாளும் மக்கர் பண்ணாதது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதுகூட எங்கள் மீனைக் காப்பாற்றித் தந்த பெட்டி. கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நிறைந்த பிரீஸர் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். ஒரு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயக் குற்றியை வைத்துவிடச் சொல்லி உம்மாதான் அந்த நாட்களில் சொல்லித் தந்தார். குற்றி அடியில் போய்க் கிடந்தால் உள்ளே எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோப்பை இன்றும் எங்கள் பிரீஸரில் இருக்கிறது. இந்தக் கதையில் முதலில் உண்மை சொன்னது அதுதான்.

குவாட்டர்ஸில் இடம் குறைவு. பின்னால் தகரம் போட்டு இறக்கிய குசினியில் பிரிட்ஜை வைத்தோம். ஏப்ரலில் இருந்து டிசம்பர் வரை ஒரு குறையும் இல்லை.

அந்த ஒக்டோபரில் தரம் 8 படிக்கும் எங்கள் மாணவன் ஒருவனுக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை அல்ல. உடம்பு இன்சுலினையே சுரக்காத முதலாம் வகை. தினமும் ஊசி போட வேண்டும். அம்மா கொழுந்து பறிக்கிறவர். லயத்தில் பிரிட்ஜ் இல்லை. ஒரு நாள் பின்னேரம் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒடைக்காத மருந்த ஐஸ் பெட்டியில வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. கடையில வச்சா தொறந்து தொறந்து மூடுவாங்க. உங்க வீட்ல வச்சுக்கிறீங்களா?"

இரண்டு சின்னப் போத்தல்கள். கீழ்த் தட்டில், பின்பக்கமாக, யாரும் தட்டிவிடாத இடத்தில் வைத்தோம். பாதுகாப்பான இடம் என்று நினைத்து வைத்தோம்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய், ஜனவரியில் வரும்போது உம்மா ரெஜிபோம் பெட்டியில் மீனும் இறைச்சியும் கட்டித் தந்தார். பிரீஸர் நிறைய அடுக்கினோம். பத்தாம் நாள் காலை பார்த்தால் கோப்பையில் ஐஸ் இல்லை, தண்ணீர். குற்றி அடியில். மீன் கை பட்டால் பதிகிற மாதிரி. கீழே கையை விட்டால் குளிராகத்தான் இருக்கிறது. லைட் எரிகிறது. பெட்டி மட்டும் சத்தமில்லாமல் நிற்கிறது.

உம்மாவுக்குப் போன் எடுத்தோம். "என்ன மகள், அதுக்கும் குளிரடிச்சுப் போத்திக்கிட்டுப் படுத்துட்டோ?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சரியான விடையை முதல் நாளே சொன்னவர் அவர்தான் என்று அப்போது தெரியாது.

முதல் சந்தேகம் லொறி மேல். லொறியில் பிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் கொம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். ஆனால் நாங்கள் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் பொறுத்துத்தான் பிளக்கைப் போட்டோம். அதோடு ஒன்பது மாதம் நன்றாக ஓடியும் இருக்கிறது. அடுத்த சந்தேகம் கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். இறுக்கமாகத்தான் இருந்தது. பின்பக்கத் தூசியைத் துடைத்தோம். மாற்றமில்லை. குமிழியைக் கடைசி இலக்கத்துக்குத் திருகி வைத்தோம். எல்லோரும் செய்கிற வேலை. இதுதான் நாங்கள் செய்த முதல் பெரிய பிழை.

பிறகு பிரிட்ஜ் திருத்துகிற பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம். வெயில் அடித்த ஒரு மத்தியானம் வந்தார். "காஸ் குறைஞ்சிருக்கு" என்றார். அடித்தார். ஒரு வாரச் சம்பளம் அளவுக்குக் காசு போனது. அன்று இரவு ஐஸ் கட்டியாக உறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்தோம். மூன்றாம் நாள் காலை மறுபடி தண்ணீர்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். பிரிட்ஜில் இருக்கும் காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் அல்ல. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் "காஸ் அடிச்சா சரி" என்று யாராவது சொன்னால், "எங்க லீக்?" என்று கேளுங்கள். அன்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நான்கு நாள் நல்ல வெயில். தகரம் சூடேறி பகலில் குசினி வெதுவெதுப்பாக இருந்தது. குமிழி இன்னும் கடைசி இலக்கத்திலேயே. வியாழக்கிழமை பின்னேரம் அந்தத் தாய் ஒரு போத்தலை எடுக்க வந்தார். கையில் எடுத்துக் கொடுக்கும்போதுதான் பார்த்தோம், உள்ளே ஊசி ஊசியாக ஐஸ். பின் சுவரை ஒட்டி இருந்த இரண்டு போத்தலும் அப்படித்தான்.

ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பாவிக்க முடியாது. பார்வைக்கு நல்லதுபோல இருக்கும், வேலை செய்யாது. நாங்கள் பார்க்காமல் கொடுத்திருந்தால், அது உருகியிருந்தால், அவர் போய் மகனுக்கு ஏற்றியிருப்பார். இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அவர் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. "பரவால்லீங்க டீச்சர், நாளைக்கு க்ளினிக் போறேன்" என்றார். நாளைக்கு என்றால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று எங்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவர் லீவு போட்டு, க்ளினிக் கொப்பியோடு அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை அங்கே சொல்லி, புது மருந்து எடுத்து வந்தோம். அன்றைய பேருக்கான காசை நாங்கள் நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

அன்று இரவுதான் ஆசிரியர்கள் மாதிரி யோசிக்கத் தொடங்கினோம். பிள்ளைகளுக்கு "அவதானி, பதிவு செய், பிறகு முடிவு சொல்" என்று படிப்பிக்கிறோம். வீட்டில் ஒன்றையும் பதியாமல் முடிவு சொல்லிக்கொண்டிருந்தோம்.

விஞ்ஞான கூடத்து வெப்பமானி ஒன்றைக் கேட்டு எடுத்து குசினிச் சுவரில் தொங்கவிட்டோம். அது மறை 10க்குக் கீழே காட்டாது என்பதால் பிரீஸருக்கு வயர் வைத்த ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி வாங்கினோம். விலை, பாஸுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு வராது. குமிழியை நடு இலக்கத்தில் வைத்தோம். பழைய கொப்பி ஒன்றில் கோடு கிழித்து மூன்று நாள் எழுதினோம்.

பகல் இரண்டு மணி: குசினி 19 பாகை, பிரீஸர் மறை 15. சுபஹுக்கு எழும்பும் நேரம்: குசினி 8 பாகை, கீழ்த் தட்டு 5, பிரீஸர் மறை 1. மூன்று நாளும் ஏறக்குறைய இதே கணக்கு. தொழுதுவிட்டுப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தோம். முக்கால் மணித்தியாலம் கொம்ப்ரஸர் ஒருமுறைகூட ஓடவில்லை.

விடை அதற்குள்தான் இருந்தது. எங்கள் மாதிரிப் பெட்டிகளில் மேலுக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே கொம்ப்ரஸர். அதை ஓடு, நில் என்று சொல்லும் தெர்மோஸ்டாட் இருப்பது கீழே. பிரீஸரில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கீழ்ப்பகுதி சூடேறினால் மட்டும் கொம்ப்ரஸரை எழுப்பும். கல்முனையில் அறை வெப்பம் 30 பாகை. கீழ்ப்பகுதி அடிக்கடி சூடேறும், கொம்ப்ரஸர் அடிக்கடி ஓடும், அந்த ஓட்டத்தில் பிரீஸரும் உறையும். இங்கே விடியப்புறம் குசினியே 8 பாகை. கீழ்ப்பகுதி சூடேறவே மாட்டேன் என்கிறது. "குளிர் போதும்" என்று தெர்மோஸ்டாட் தூங்குகிறது. மேலே மீன் உருகுகிறது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் தேயிலையைக் கருக்குகிற அளவுக்குப் பனி விழுகிற ஊர். பிரிட்ஜின் உள்ளே அல்லது பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காலநிலை வகுப்பு என்று ஒன்று இருக்கும். எஸ்என் என்றால் அறை வெப்பம் 10 முதல் 32 பாகை வரை, என் என்றால் 16 முதல் 32, எஸ்டி என்றால் 16 முதல் 38, டி என்றால் 16 முதல் 43 வரை. எங்களுடையது டி. வெப்ப நாட்டுக்கென்று செய்தது. 16க்குக் கீழே அது உத்தரவாதம் தரவே இல்லை. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வெளியே கராஜில் பிரிட்ஜ் வைப்பவர்களுக்கும் இதே தொல்லை வருகிறதாம். அங்கே இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். வெப்ப நாடு என்று எழுதிய நம் நாட்டில், ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. அது நின்ற இடம்தான் பிழை.

அன்றே முன் அறைக்கு மாற்றினோம். நடமாட்டம் உள்ள, இரவில் எல்லாக் கதவும் சாத்துகிற அறை. பின் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்பும் வெயிலும் படாத மூலை. குமிழி நடு இலக்கத்தில். இப்போது சுபஹு நேரம் அறை 16, 17. பிரீஸர் மறை 17. குற்றி மேலேயே இருக்கிறது.

உங்களுக்கும் இதே பிரச்சினை என்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. பகலில் உறைந்து இரவில் உருகுகிறதா? அறை வெப்பத்தை அளந்து பாருங்கள். பாஸைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.
2. பகலிலும் உறையவில்லை என்றால் கொம்ப்ரஸர் ஓடுகிறதா, பக்கச் சுவரோ பின்பக்கமோ சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஓடியும் சூடில்லை என்றால் காஸ் பக்கம் பிரச்சினை இருக்கலாம்.
3. ஓடப் பார்த்து "டிக்" என்று நின்றுவிடுகிறதா? பின்னேரத்தில் வோல்டேஜ் குறைகிற தோட்டங்களில் இது நடக்கும்.
4. பிரீஸர் ஓரத்தில் ஐஸ் தடித்திருந்தால் நிறுத்தி உருக விடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம்.
5. குமிழியைக் கடைசிக்குத் திருகுவது மருந்தல்ல. கீழே இருப்பதை உறைய வைத்துவிடும்.
6. இன்சுலின் இருந்தால் 2 முதல் 8 பாகைக்குள். பின் சுவரிலும் பிரீஸருக்குக் கீழேயும் படாமல் நடுத் தட்டில், ஒரு டப்பாவுக்குள். பக்கத்தில் ஒரு வெப்பமானி.

இனி நாங்கள் சொல்ல வேண்டிய மற்றத் தவறு.

அந்தப் பிள்ளைக்கு நோய் தெரியவருவதற்கு முன்பு ஒரு மாதம், பாடத்துக்குப் பாடம் வெளியே போகக் கேட்பான். தண்ணீர்ப் போத்தலைக் காலி பண்ணிவிட்டு அடுத்தவனுடையதையும் கேட்பான். வகுப்பில் தூங்கி விழுவான். மெலிந்தும் போனான். "குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தான், இவனுக்கு மட்டும் என்ன?" என்று நாங்கள் இரண்டு பேருமே ஏசியிருக்கிறோம். ஒரு நாள் வெளியே விடவும் இல்லை. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு, சோர்வு. நான்கும் கண்ணுக்கு முன்னால் இருந்தன. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விளங்கியது.

பிள்ளை விசயத்தில் குளிரைக் குற்றம் சொன்னோம், குளிரில் குற்றமில்லை. பெட்டி விசயத்தில் பெட்டியைக் குற்றம் சொன்னோம், காரணம் குளிர். இரண்டிலும் பார்க்காமல் பேசினோம்.

ஆசிரிய நண்பர்களே, அந்த நான்கு அறிகுறியும் ஒரு பிள்ளையிடம் கண்டால் அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லி இரத்தச் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்று விட வேண்டாம்.

நேற்று அவன் மருந்து எடுக்க வந்தான். பிரிட்ஜைத் திறந்து, முதலில் வெப்பமானியைப் பார்த்து, "4 சேர்" என்றான். கொப்பியில் அவனே எழுதிவிட்டுப் போனான். இப்போது அந்தப் பொறுப்பு அவனுடையது.

அவனுக்காக துஆ செய்யுங்கள். மலைநாட்டில் பிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களுக்கு இதைப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.