கொரிய ஓட்டல் தட்டில் நம்ம எள்ளு!

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் வரத்து அதிகமாக இருக்கும் நாள்களில், சாலையோரம் முழுக்க டிராக்டரும் மினி லாரியும்தான். அப்படி ஒரு நாள், பக்கத்து டீக்கடையில் தெரிந்த விவசாயி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

‘‘சார், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரங்க ஓட்டல் நிறைய வந்துடுச்சாம். அவங்களுக்கு நீட்டு நீட்டா இருக்கிற சீன முட்டைக்கோஸ் வேணுமாம். அரை ஏக்கர் போடலாம்னு இருக்கேன். நாத்துக்கு முன்பணம் கேக்குறாங்க. வீட்டுல நகையை வெச்சுத்தான் கட்டணும்.’’

‘‘காயை யாரு வாங்கிக்கிறாங்க?’’

‘‘அதையும் நாத்து விக்கிறவரே பாத்துக்கிறாராம்.’’

எனக்குச் சுருக்கென்றது. ‘‘பத்து நாள் பொறுங்க. பணம் கொடுத்துடாதீங்க. நான் நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்’’ என்றேன்.

என் மகள் ஸ்ரீபெரும்புதூரில்தான் வேலை பார்க்கிறாள். ‘கொரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போறேன், வாங்கப்பா’ என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரம்மாவும் திண்டிவனம் வழியாகக் கிளம்பினோம். இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் தொடங்கிய ஹூண்டாய் கம்பெனி, 1998-ல் முதல் காரை விற்பனைக்கு விட்டது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகளும் கொரியக் குடும்பங்களும் வந்தன. அவர்களுக்குச் சோறு போட ஓட்டல்களும் வந்தன.

உள்ளே போய் உட்கார்ந்ததும், கேட்காமலே ஆறேழு சின்னக் கிண்ணங்கள் வந்தன. முள்ளங்கித் துண்டு, முளைகட்டிய பயறு, கீரை, கிம்ச்சி. நம் வீட்டு இலையில் தொடுகறி வைப்பது மாதிரிதான். தீரத்தீர மறுபடி வைக்கிறார்கள், தனியாகக் காசு கிடையாது. பக்கத்து மேஜையில் ஒரு கொரியக் குழந்தை ‘‘அப்பா’’ என்று கூப்பிட்டதும் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவர்கள் மொழியிலும் அப்பா, அப்பாதானாம்!

கிம்ச்சி என்பது, சீன முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி தடவிப் புளிக்கவைப்பது. நம் பழைய சோற்றைப் புளிக்கவைக்கும் அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் இதையும் புளிக்கவைக்கின்றன. மீன் சாறும் சேர்ப்பதுண்டு என்பதால், வீட்டுக்காரம்மா அதைத் தொடவில்லை. அவருக்குக் காய்கறி மட்டும் போட்ட ‘பிபிம்பாப்’ வந்தது. சோற்றின் மேல் கேரட், கீரை, பயறு வரிசையாக வைத்து, மிளகாய் விழுதோடு பிசைந்து சாப்பிட வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டவர், ‘‘ஏங்க, இதுல நல்லெண்ணெய் வாசனை வருதே’’ என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் நான் தேடிப்போன விஷயம். வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய், மேலே தூவிய வறுத்த எள், கீரையில் எள் என்று எல்லாக் கிண்ணத்திலும் எள் இருந்தது. கொரியா தன் தேவைக்கு வெளிநாடுகளிலிருந்து எள் வாங்குகிறது. அதில் இந்திய எள்ளும் உண்டு.

சோறு கையில் ஒட்டியது. அது ‘ஜப்பானிக்கா’ வகை, குண்டு அரிசி. அமைலோஸ் என்ற மாவுப்பொருள் அரிசியில் குறைவாக இருந்தால் சோறு ஒட்டும், அதிகமாக இருந்தால் உதிரும். நாம் உண்பது பெரும்பாலும் உதிரும் ரகம். ஆனால், நம் வெள்ளைப் பொன்னிக்கும் ஜப்பானிக்காவுக்கும் உறவு உண்டு. தைச்சுங் 65 என்ற தைவான் ஜப்பானிக்கா ரகத்தையும், மாயாங் எபோஸ் 80 என்ற மலேசிய ரகத்தையும் ஒட்டுச்சேர்த்து வந்தது அது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது. வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஒத்துவருமா என்று பல வருடம் சோதித்த பிறகு நம் கைக்கு வந்தது பொன்னி. அந்த முட்டைக்கோஸ் அப்படியில்லை.

சமையல்கட்டில் காய்கறி வாங்கும் பொறுப்பில் நம் பக்கத்துப் பையன் ஒருவர் இருந்தார். ‘‘வாரத்துக்கு 15 கிலோ, 20 கிலோ வாங்குவோம் சார். மலையிலேர்ந்து வருது’’ என்றார். அரை ஏக்கரில் காய் பிடித்தால் டன் கணக்கில், அதுவும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டியிருக்கும். மிச்சத்தை என்ன செய்வது? அதற்கு முன்னால், காய் பிடிக்குமா என்பதே கேள்வி. சீன முட்டைக்கோஸுக்குக் குளிர்ச்சி வேண்டும். நீலகிரியில் விளையும். செஞ்சி வெயிலில் இலை விரிந்து நிற்குமே தவிர, உருண்டு திரளாது.

ஊர் திரும்பியதும் அந்த விவசாயியிடம் சொன்னது இதுதான்: ‘‘முட்டைக்கோஸ் வேணாம். சம்பா அறுத்த நிலத்துல மாசிப்பட்டத்துல எள்ளு போடுங்க.’’

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டி.எம்.வி என்று தொடங்கும் எள் ரகங்கள் அங்கே வந்தவை. ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். தண்ணீர் தேங்கக் கூடாது. 15-ம் நாள் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், 30-ம் நாள் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். அடியிலைகளில் கால்வாசி உதிர்ந்து, தண்டு மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும். காய் வெடிக்கும்வரை காத்திருந்தால் மகசூல் மண்ணுக்குப் போய்விடும். அறுத்த செடிகளை நுனி உள்பக்கம் இருக்கும்படி வட்டமாக அடுக்கி, வைக்கோல் மூடி 3 நாள் வைத்து, பிறகு தார்ப்பாயில் உதறுங்கள். வெறும் தரையில் உதறினால் கல்லும் மண்ணும் சேர்ந்து விலை இறங்கும். ஏற்றுமதிக்கு வாங்குபவர்கள் சுத்தம், ஈரம், மருந்தின் எச்சம் எல்லாம் பார்ப்பார்கள். அவர்கள் வராவிட்டாலும் நம் செக்குக்காரர் வாங்கிக்கொள்வார். அந்தத் தைரியம் முட்டைக்கோஸில் இல்லை.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி உச்சியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். விவசாயிகள் வந்தால் அடிவாரத்தில் இருக்கும் தானியக் களஞ்சியத்தையும் பாருங்கள். 1690-ல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. வாசலில் படை நிற்கும்போது உள்ளே என்ன இருப்பு இருக்கிறது என்பதுதான் கணக்கு. புதுப்பயிருக்கு முன்பணம் கேட்டு யாராவது வந்தால், நீங்களும் அந்தக் கணக்கைப் போடுங்கள். நம் மண்ணில் வருமா, யார் வாங்குவார், அவர் வாங்காவிட்டால் அடுத்து யார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு நாற்றைப் பற்றிப் பேசலாம்.

நண்பர் இந்த மாசிக்கு 40 சென்ட்டில் எள் விதைக்கப்போகிறார். நகை வீட்டிலேயே இருக்கிறது.