ஒளிக்குகையில் ஒரு பழங்கமரா

மாத்தளை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றதும், பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ஓரிடம் வீதியோரத்திலேயே கண்ணிற்படும். அதுவே அலுவிகாரை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி அதன் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு போவதால், எம்மவருள் இதனைக் காணாதவர் அரியர். இறங்கிப் பார்த்தவரும் அரியர். பஸ்ஸின் சாளரத்தினூடே பாறையைக் கண்டு, "தம்புள்ளைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டபடி கடந்து விடுவதே வழக்கம்.

அண்மையில் எம்மை அங்கே இறங்க வைத்தவர் எம் மைத்துனர். பாரிஸ் நகரில் ஓர் உணவுச்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிபவர். தொழில் நிமித்தமாகச் சிவப்பு வைனின் தரமறியும் கலையையும், பொழுதுபோக்காகப் பழைய பிலிம் கமராக்களைத் தேடி வாங்கும் பழக்கத்தையும் அங்கே பெற்றுக்கொண்டார். நாம் மதுவைத் தொடாதவர். எனினும் ஒரு பொருளை அறிந்து நுகர்பவனின் பேச்சைக் கேட்பதில் எமக்கு எந்நாளும் விருப்பம் உண்டு.

பயணத்திற்கு இரு நாள் முன்னர் கொழும்புப் புறக்கோட்டையில், பழம்பொருள் விற்கும் ஒரு சிறு கடையில், அவர் ஒரு 'யாஷிகா டி' கமராவை வாங்கினார். 1958ஆம் ஆண்டு முதல் யப்பானில் செய்யப்பட்ட வகை அது. முகப்பில் இரண்டு வில்லைகள். மேலது பார்ப்பதற்கு, கீழது படம் பிடிப்பதற்கு. மின்கலம் வேண்டா, ஒளிமானி இல்லை. அவர் அதனைச் சோதித்த முறை வைத்தியர் நாடி பார்ப்பதை ஒத்திருந்தது. பின்கதவைத் திறந்து வில்லையினூடே கைவிளக்கின் ஒளியைச் செலுத்தி, சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் உண்டா என்று நோக்கினார். வெப்பமும் ஈரமும் மிக்க எம் நாட்டில் பழைய கமராக்களைக் கெடுக்கும் முதற்பகை இதுவே. பின்னர் மூடியின் வேகத்தை ஒரு விநாடிக்கு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டார். வேகமான இயக்கம் சரியாக இருப்பினும், மெதுவான வேகங்களிலேதான் உள்ளிருக்கும் எண்ணெய் இறுகிப்போனது வெளிப்படுமாம். ஒரு விநாடி இரண்டாக நீண்டால் விலையைக் குறை; நடுவில் நின்றே விட்டால் கமராவைக் கீழே வை என்பது அவருடைய சட்டம். இந்தக் கமரா ஒரு விநாடியை ஒரு விநாடியாகவே எண்ணியது.

"அத்தான், வயசு போனதெல்லாம் தரம் கூடினதெண்டு நினையாதேங்கோ. வைனும் அப்பிடித்தான்" என்றார்.

அன்றிரவு கண்டியில் தங்கிய விடுதியில் ஒரு குவளைச் சிவப்பு வைனை முன்வைத்து இதனை விளக்கினார். குவளையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு நேரே பிடித்தால், விளிம்பில் ஊதா நிறம் தோன்றுவது இளையது. செங்கல் நிறம் பாய்வது முதியது. திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது; தோலுடன் ஊறவிடுவதனாலேயே செந்நிறமும் துவர்ப்பும் வருகின்றன. அறுசுவையுள் துவர்ப்பைத் தனிச்சுவையாகப் பெயரிட்டு வைத்த எமக்கு இதனை உணர்வது கடினமன்று. பாக்கை மென்றவனும், பால் கலவாத கடுஞ்சாயத் தேநீரைப் பருகியவனும் அதனை அறிவான். உலகில் உண்டாகும் வைனுள் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கே ஆனது. பல்லாண்டு வைத்துப் பேணத் தக்கது மிகச் சிலவே. அவையும் வெப்பம் பட்டால் கெடும். வழியில் ஒரு கடையில் போத்தல்கள் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் நிற்கக் கண்டு அவர் பெருமூச்சு விட்டதன் காரணம் எமக்கு அப்போதுதான் விளங்கியது. மறுநாள் போயா தினம். நாடெங்கும் மதுச்சாலைகள் மூடப்படும் நாள். விகாரைக்குச் செல்ல அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

காலையில் மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கிப் புறப்பட்டோம். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் கோயில் இது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர், காடும் காய்ச்சலும் கடந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். வழியில் மடிந்தவர் பலர். நாம் குளிர்ச்சியான வாகனத்தில் அமர்ந்து இவ்வடபாதையில் போகும்போது, அதன் ஓரங்களில் பெயரின்றிப் புதைந்தோரை எண்ணாது போதல் தகாது.

அலுவிகாரை என்ற பெயருக்கு இரு காரணம் சொல்வர். 'ஆலோக' என்ற பாளிச் சொல் ஒளியைக் குறிக்கும்; ஆதலின் ஒளிக்குகை என்பது ஒன்று. 'அலு' என்னும் சிங்களச் சொல்லுக்குச் சாம்பல் என்பது பொருள். பூதம் ஒன்று மூன்று பாறைகளை அடுப்பாக்கிச் சமைத்த சாம்பலால் வந்த பெயர் என்பது ஊரார் கதை. எமக்கு இரண்டாவதே சுவையாகத் தோன்றினும், முதலாவதைத்தான் அறிஞர் ஏற்பர் போலும்.

இவ்விடத்தின் பெருமை அதன் ஏடுகளால் வந்தது. புத்தர் பெருமானின் உபதேசங்கள் பல நூற்றாண்டுகளாக வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்தன. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் வலகம்பா மன்னன் காலத்தில், திரிபிடகமும் அதன் உரைகளும் முதன்முறையாக எழுத்தில் பதிக்கப்பட்டன. மகாவம்சம் நிகழ்ச்சியைக் கூறுகிறதேயன்றி இடத்தைக் கூறவில்லை. 14ஆம் நூற்றாண்டுச் சிங்கள நூலாகிய நிகாய சங்கிரகமே அதனை மாத்தளை அலுவிகாரையில் நடந்ததாக உரைக்கிறது. ஐந்நூறு பிக்குகள் கூடி எழுதினர் என்பது மரபு.

எழுத நேர்ந்தது ஏன்? தமிழ் வாசகர் இங்கே சற்று நின்று கேட்க வேண்டும். கி.மு. 103 அளவில் தென்னிந்தியாவிலிருந்து வந்த படையினர் மன்னனைத் துரத்த, புலகத்தன் முதலாகத் தமிழர் ஐவர் ஒருவர்பின் ஒருவராக அனுராதபுரத்தை ஆண்டனர். அதே காலத்தில் கொடும் பஞ்சமும் வந்தது. பிக்குகள் பலர் இறந்தனர். பலர் நாட்டை விட்டு நீங்கினர். மகாநித்தேசம் என்ற நூலை மனனம் செய்தவர் ஒருவரே எஞ்சினார் என்றும், அவரோ ஒழுக்கத்தில் பழிக்கப்பட்டவர் என்றும், எனினும் நூல் அழியாதிருக்க மற்றையோர் அவரிடமே சென்று கற்றனர் என்றும் விநய உரை கூறுகிறது. அந்த ஒருவர் ஓரிரவு காய்ச்சலில் மாண்டிருப்பின் ஒரு நூலே மாண்டிருக்கும். ஏடும் எழுத்தாணியும் இந்த அச்சத்திற் பிறந்தவை. அந்த அச்சத்திற்குப் பஞ்சத்துடன் எம் இனத்தவர் படையும் ஒரு காரணம் என்று வரலாறு கூறுவதைத் தமிழரும் முகஞ்சுளியாது படிக்க வேண்டும் என்பதே எம் கருத்து.

ஏறக்குறைய அதே காலப் பகுதியிலேதான் மத்தியதரைக் கடல் நாடுகளின் வைன் சாடிகள் எம் கடற்கரைக்கு வந்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், பின்னைய ஆய்வுகளிலும் அச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியுள்ளார். மைத்துனர் இதனைக் கேட்டு மிக மகிழ்ந்தார். அவருடைய மகிழ்ச்சியைச் சற்றே அடக்கும் செய்தி ஒன்றும் எம்மிடம் இருந்தது. இங்கே எழுதப்பட்ட விநய பிடகத்திலேயே, வைசாலியில் கூடிய இரண்டாம் சங்கத்தின் வரலாறு உண்டு. அங்கே விலக்கப்பட்ட பத்து வழக்கங்களுள், இன்னும் புளித்து முற்றாத கள்ளைப் பிக்குகள் அருந்தலாமா என்பதும் ஒன்று. கூடாது என்பதே தீர்ப்பு.

குகைக்குள் பத்து மீற்றர் அளவில் சயனித்த புத்தர் இருக்கிறார். சுவர்களிலும் கூரையிலும் ஓவியங்கள். நரக வேதனைகளைக் காட்டும் காட்சிகளைச் சிறுவர் அச்சத்தோடும் ஆசையோடும் பார்த்து நின்றனர். புத்தகோசருக்கென ஒரு குகை உண்டு. 5ஆம் நூற்றாண்டில் பாளி உரைகளை வகுத்த இப்பேராசிரியர் காஞ்சிபுரத்தில் வாழ்ந்ததைத் தம் உரையொன்றிலே குறித்துள்ளார். காஞ்சியிலிருந்து வருவோர்க்கு இங்கே ஓர் அறிமுகமான முகம் இருக்கிறது என்க.

இவ்விடத்தில் படம் எடுப்போர்க்குச் சில நெறிகள் உள. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் கூடாது. மின்னொளியைப் பாய்ச்சுதல் ஓவியங்களுக்குத் தீங்கு. ஆகவே பழங்கமராவிற்கு வேலை வந்தது. 'கமரா' என்ற இலத்தீன் சொல்லுக்கு அறை என்பதே பொருள். குகையின் இருளும் பெட்டியின் இருளும் ஒன்றையொன்று நோக்கின. இவ்வகைக் கமராவைக் கண்ணருகே தூக்குவதில்லை. மார்பளவில் பிடித்து, தலை குனிந்து, மேலிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்த மூதாட்டி ஒருவர் மைத்துனர் வணங்குகிறார் என்றே எண்ணி ஒதுங்கி வழிவிட்டார். கற்படியொன்றில் கமராவை அமர்த்தி, வாயிலொளி மட்டும் துணையாக, இரண்டு விநாடி திறந்து வைத்து ஒரு படம். சுருளொன்றில் மொத்தம் பன்னிரண்டே படங்கள். கைத்தொலைபேசியில் நூறு எடுப்பவன் பாராததையெல்லாம் பன்னிரண்டு எடுப்பவன் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

வெளியே, ஏடு எழுதும் முறையைக் காட்டுகின்றனர். தாளிப்பனையின் இளங்குருத்தை அவித்து, உலர்த்தி, மெருகேற்றிய ஓலை அது. எழுதுபவர் எழுத்தாணியால் கீறியபோது எமக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னர் கரியும் எண்ணெயும் கலந்த மையைத் தடவித் துடைத்ததும், கீறலில் மட்டும் மை தங்கி எழுத்து எழுந்து வந்தது. "இதுதானே பிலிம்!" என்று மைத்துனர் வியந்தார். உண்மைதான். பிலிமில் ஒளி படும்போது வெள்ளி உப்புத் துகள்களில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தடம் விழுகிறது; இருட்டறையில் இரசாயனக் கரைசல் பட்ட பின்னரே அது கருமையுற்றுப் படமாகிறது. எம் முன்னோரும் ஏட்டுக்கு மையாடினர் அல்லவா?

1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது இவ்விகாரையும் இதன் ஏடுகளும் அழிவுற்றன. 20ஆம் நூற்றாண்டில் அவற்றை மீண்டும் ஓலையில் எழுதும் பெரும்பணி இங்கே மேற்கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியூட்டப்பட்டு, ஏட்டுச்சுவடிகள் உள்ளிட்ட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை அறிந்த நாம், அச்சிறு ஓலையைக் கையிற் பிடித்தபடி நெடுநேரம் பேசாது நின்றோம். எழுதியவர் எம் மகளின் பெயரைக் கேட்டார். சிங்கள எழுத்தில் ஒருமுறை எழுதிய பின், தமிழில் எப்படி என்று வினவி, நாம் தாளில் எழுதிக் காட்டியதை எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கீறினார். 'ழ'கரத்தில் அவர் கை இருமுறை தயங்கிற்று. ஆயினும் பிழையின்றி வந்தது.

மைத்துனர் தம் பன்னிரண்டாவது படத்தை அக்கையின்மேல் செலவிட்டார். சுருளைக் கொழும்பில் கழுவக் கொடுத்தோம். ஒன்பது படங்கள் தேறின. குகைக்குள் இரண்டு விநாடி திறந்து வைத்ததில் புத்தரின் முகம் தெளிவாகவும், குறுக்கே நடந்து போன அடியார் ஒரு நிழலாகவும் விழுந்திருக்கின்றனர். பன்னிரண்டாவதில் எழுத்தாணியும், பாதி எழுதிய பெயரும், மை தடவுவதற்கு முந்திய வெற்றோலையும் தெரிகின்றன.