குனிந்து பார்த்து வாங்குங்கள்!

உப்பை யாராவது இரும்பு டப்பாவில் போட்டு வைப்பார்களா? பீங்கான் ஜாடியில்தான் வைப்போம். தோசைக்கல்லைக் கழுவினால் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்போம். துருவைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கார் வாங்கும்போது மட்டும், "அதெல்லாம் ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒதுங்கி விடுகிறோம். ஏன் என்று கேட்கிறேன்!

எங்கள் கருங்குழி, சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் மதுராந்தகத்தை ஒட்டி இருக்கிறது. கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் கடல். மாமல்லபுரம், கல்பாக்கம் கரையோர வீடுகளின் ஜன்னல் கம்பிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெயிண்ட் அடித்துச் சில காலத்திலேயே உப்பிப் பொரிந்து நிற்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடலோரத்து வாசலில் வருஷக்கணக்கில் நின்ற காருக்கும் அதே கதிதான்.

சென்ற வருஷம் என் அக்கா பெண் ஒரு பழைய கார் வாங்கத் தீர்மானித்தாள். ஆடம்பரத்துக்கு அல்ல. அக்காவை வாரத்தில் இரண்டு நாள் செங்கற்பட்டுக்கு டயாலிஸிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். ஐந்து வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். கரையோரத்திலிருந்து விற்பனைக்கு வந்த கார், வெள்ளைவெளேரென்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. "இதுவே இருக்கட்டும், சித்தி" என்றாள்.

நான் கையோடு கொண்டுபோன சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவில் வைத்தேன். மேல்பாகத்தில் ஒட்டியது, அடிப்பாகத்தில் வழுக்கி விழுந்தது. இற்றுப்போன தகட்டின்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்! (பம்பர் பிளாஸ்டிக்; அதில் காந்தம் ஒட்டாது. அதற்காகச் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.) டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தால், ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. பேசாமல் திரும்பிவிட்டோம்.

எல்லாத் துருவுக்கும் பயப்பட வேண்டாம். புகைக் குழாயிலும் போல்ட்டிலும் பழுப்பாகப் படிந்திருப்பது வெறும் மேல்துரு. பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கண்டால் உஷாராகுங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். அதனால்தான் பெயிண்டைத் தூக்குகிறது. வெளியே கடுகளவு தெரிந்தால் உள்ளே காசளவு இருக்கலாம்.

மூன்றாவதுதான் பொல்லாதது. கால் வைத்து ஏறும் இடத்தின் அடிப்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம், மிதியடிக்குக் கீழே உள்ள தரைத் தகடு, சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் பொருந்தும் இடம் — இவற்றில் துரு ஏடு ஏடாகப் பெயர்கிறதா பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்னும். இற்ற தகடு 'பொத்' என்னும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் எலும்புக்கூடு. அது இற்றிருந்தால், மோதலில் உள்ளே இருப்பவர்களைக் காப்பது எது?

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு மின்னினாலும் சந்தேகப்படுங்கள். 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படிப்பட்டதா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சேற்றுக்கறை காட்டிக்கொடுக்கும். ஆசனத்தை இருத்தும் போல்ட்டுகளையும் பாருங்கள். துணி அலமாரியின் ஈரவாடையை அறிந்த மூக்குக்குக் காரின் ஈரவாடை தெரியாதா?

அக்கா பெண் கடைசியில் வாங்கியது இரண்டு வருஷம் பழையதாக, பக்கவாட்டில் கீறல் விழுந்த கார். அடிப்பாகம் மட்டும் சுத்தம். கீறலைப் பார்த்து உறவுக்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அக்காவோ அதில் சாய்ந்து தூங்கியபடி வீடு திரும்புகிறாள்.

முன்பணம் கொடுக்குமுன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு காரை உயரத் தூக்கிப் பாருங்கள். கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். அவர் பார்க்கும்போது, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்களும் கூடவே பாருங்கள்.