பொற்கோயில் பந்தியில் நாங்கள்

‘அமிர்தசரஸ்!’ என்று எங்கள் சமூக சேவைக் குழுவின் பொறுப்பாளரான சிஸ்டர் கரும்பலகையில் எழுதிய அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிப்பது எளிதன்று. பாட நூலில் படமாக மட்டுமே பார்த்திருந்த பொற்கோயிலை நேரில் காணப் போகிறோம்! அது மட்டுமா? அங்குள்ள மாபெரும் சமையற்கூடத்தில் இரண்டு நாள்கள் தொண்டும் செய்யப் போகிறோம்! ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு எங்களைப் பார்க்க வந்த பெற்றோரிடம் பலகாரப் பொட்டலத்தை வாங்குவதற்கு முன்பே அனுமதிக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினோம்.

தொண்டு எங்களுக்குப் புதிதன்று. தவக்காலத்தில் உண்டியல் சேர்ப்போம். முதியோர் இல்லத்திற்குச் சென்று ரொட்டியும் பழமும் வழங்கி, இரண்டு பாட்டுப் பாடி வருவோம். அப்போதெல்லாம் கொடுக்கும் கை எங்களுடையது. வாங்கும் கை பிறருடையது. ‘பஞ்சாபிலும் போய்க் கொடுத்துவிட்டு வரப் போகிறோம்’ என்ற பெருமிதத்துடனேயே பெட்டியைக் கட்டினோம். அந்தப் பெருமிதம் என்னவாயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

அதற்கு முன் வாசகத் தோழியருக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பயணம் புறப்பட்ட மாணவியர் 32 பேர். ஆனால் அன்று ‘நாங்கள்’ என்று சொன்னபோது நாங்கள் நினைத்தது 28 பேரை மட்டுமே. மற்ற 4 பேரும் கட்டணமின்றி விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். உணவுக்கூடத்தில் சமையலறைக் கதவருகே உள்ள பெஞ்சுகளில் அவர்கள் அமர்வார்கள். சன்னலோரப் பெஞ்சுகளில் நாங்கள். அப்படி அமரும்படி எந்தச் சிஸ்டரும் சொன்னதில்லை. எந்த விதியும் இல்லை. எப்படியோ ஏற்பட்ட வழக்கம். தவறு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்று எங்களை வெட்கப்பட வைக்கிறது.

2024ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறை. நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினோம். டில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவு. இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். கிருஷ்ணா நதியை அரைத் தூக்கத்தில் கடந்தோம். கோதாவரியைக் காலை வெளிச்சத்தில் கண்டு கைதட்டினோம். நிலையத்துக்கு நிலையம் எழுத்தும் மாறியது; மண்ணின் நிறமும் மாறியது; தேநீர் விற்பவரின் குரலும் மாறியது. எங்களிடம் முறுக்கு, அதிரசம், தேங்காய்ப்பொடி, புளியோதரை என்று டப்பா டப்பாவாக இருந்தன. அவற்றை 28 பேருக்குள் சுற்றில் விட்டோம். அடுத்த தடுப்பில் இருந்த நால்வரிடம் டப்பா போகவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, நினைவே வரவில்லை.

டில்லியில் ரயில் மாறிப் பஞ்சாபுக்குள் நுழைந்தோம். கோதுமை வயல்களைக் காண ஆவலுடன் சன்னலில் முகம் பதித்தோம். என்ன வியப்பு! கண்ணுக்கு எட்டியவரை முற்றிய நெற்கதிர்கள்! “கோதுமையை நெல் அறுப்பு முடிந்த பிறகுதான் விதைப்பார்கள்” என்று ஆசிரியை விளக்கினார். தஞ்சையை விட்டு இவ்வளவு தொலைவு வந்தும் நெல் எங்களை விடவில்லை என்று சிரித்தோம்.

அமிர்தசரஸில் ஒரு கன்னியர் மடத்தில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் பொற்கோயிலுக்குப் புறப்பட்டோம். ஹர்மந்திர் சாஹிப் என்பது அதன் பெயர். நான்காம் குருவான குரு ராம்தாஸ் 1577இல் இந்நகருக்கு அடிகோலினார். ஐந்தாம் குருவான குரு அர்ஜன் திருக்குளத்தின் நடுவே கோயிலை எழுப்பி, 1604இல் சீக்கியரின் திருநூலை அங்கே நிறுவினார். பொன் தகடுகள் பின்னாளில் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் வேயப்பட்டவை. கோயிலுக்கு நான்கு திசையிலும் நான்கு வாயில்கள். எத்திசையிலிருந்து யார் வந்தாலும் வரலாம் என்பது அதன் பொருளாம். கோபுர வாசலில் படி ஏறிப் பழகிய நாங்கள் இங்கே படி இறங்கிச் சென்றோம். பணிந்து வர வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்களாம்.

உள்ளே செல்லுமுன் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டோம். பூசைக்கு முக்காடிட்டு வரும் எங்கள் ஊர்ப் பாட்டிமார் நினைவுக்கு வந்தார்கள். செருப்பு வைக்கும் இடத்தில் எங்கள் பெருமிதத்திற்கு முதல் அடி விழுந்தது. வெண்தாடியுடன் இருந்த ஒரு பெரியவர், எங்கள் புழுதி படிந்த செருப்புகளை இரு கையாலும் வாங்கி, தம் துணியால் துடைத்து அடுக்கினார். தாத்தா வயதுள்ளவர்! நாங்கள் கூச்சத்தால் பின்வாங்கினோம். “அவர் கூலிக்காரர் இல்லை. சேவை செய்ய வந்தவர். பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கைப் பார்த்திருக்கிறீர்களே, அதை இங்கே தினமும் பார்க்கலாம்” என்றார் சிஸ்டர். நாங்கள் வாயடைத்து நின்றோம்.

பிறகு உணவுக்கூடம். ‘லங்கர்’ என்று அதற்குப் பெயர். சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக் (1469–1539) தொடங்கி வைத்த பந்தி இது. இரவு பகல் அடுப்பு அணைவதில்லை. ஒரே நாளில் 50,000க்கும் மேற்பட்டோர் இலவசமாக உண்கிறார்கள். சாதி, மதம், செல்வம், பதவி எதையும் யாரும் கேட்பதில்லை. மூன்றாம் குருவான குரு அமர்தாஸைக் காண வந்த அக்பர் சக்கரவர்த்தியும் முதலில் மற்றவர்களுடன் தரையில் அமர்ந்து உண்ட பிறகே அவரைச் சந்தித்தார் என்பது சீக்கிய மரபு.

நாங்கள் வழக்கம்போல் தோழியர் கூட்டமாகச் சேர்ந்து அமர நினைத்தோம். அது நடக்கவில்லை. வாசலில் நுழைந்த வரிசைப்படியே உட்கார வேண்டும். எங்களுக்கு இடையே ஒரு விவசாயக் குடும்பம், ஒரு கல்லூரி மாணவர், கைக்குழந்தையுடன் ஒரு தாய். கதவருகுப் பெஞ்சுத் தோழியர் நால்வரும் ஆங்காங்கே எங்கள் பக்கத்தில். மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் உண்டவர்கள், தோளோடு தோள் உரச உட்கார்ந்தது அன்றுதான் முதன்முறை. அதற்கு 2,600 கிலோமீட்டர் கடந்து வர வேண்டியிருந்தது!

வாளியில் பருப்பும் காய்கறியும் பாயசமும் வந்தன. ரொட்டி வந்தபோது எங்களில் ஒருத்தி வலக்கையை மட்டும் நீட்டினாள். பரிமாறியவர் புன்னகையுடன் காத்து நின்றார். பக்கத்திலிருந்த தாய் தம் இரு கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். அப்படி ஏந்திய பின்னரே ரொட்டி கையில் விழுந்தது. “நற்கருணை வாங்குவது போல இருக்கிறதே, சிஸ்டர்!” என்று மெதுவாகச் சொன்னாள் அவள். சிஸ்டர் தலையசைத்தார். கொடுக்கத் தெரிந்த எங்களுக்கு வாங்கத் தெரியவில்லை என்பது அப்போது புரிந்தது.

உண்ட பின் தொண்டுக்குச் சென்றோம். ஒரு பிரிவினர் பூண்டு உரித்தோம். ஒரு பிரிவினர் தட்டுக் கழுவும் தொட்டியில் நின்றோம். ஆயிரக்கணக்கான எவர்சில்வர் தட்டுகள் மோதும் ஓசையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. பெரிய உத்தியோகத்தில் இருப்பவர் போலத் தோன்றிய ஒருவர், சட்டைக் கையை மடித்துவிட்டு எங்கள் அருகே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ரொட்டி தேய்க்கச் சென்றோம். அங்கே எங்கள் வகுப்பறைக் கதவைவிட நீளமான இரும்புக் கல் கொதித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். ஒரு சீக்கியப் பாட்டி எங்களுக்கு இடம் விட்டு, “புத்தர், புத்தர்” என்று அன்போடு அழைத்தார். ‘எங்களை ஏன் புத்தர் என்கிறார்?’ என்று விழித்தோம். பஞ்சாபியில் ‘புத்தர்’ என்றால் ‘பிள்ளை’ என்று பொருளாம்! சிரிப்பை அடக்க வெகு நேரம் ஆயிற்று.

இட்லி, தோசை வளர்த்த கைகள் அல்லவா எங்களுடையவை? நாங்கள் தேய்த்த ரொட்டிகளில் ஒன்று இலங்கை போல இருந்தது; இன்னொன்று ஆஸ்திரேலியா. ஆனால் கதவருகுப் பெஞ்சுத் தோழி ஒருத்தி தேய்த்தவை எல்லாம் முழு நிலாக்கள்! பாட்டி அவள் கையைப் பிடித்து அனைவருக்கும் காட்டினார். பிறகு அவளே எங்களுக்கு ஆசிரியை ஆனாள்.

“பலமா அழுத்தாதீங்க. ஓரத்துல மட்டும் கட்டையை ஓட்டுங்க. மாவு தானா சுத்தும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டோம்.

“எங்கம்மா ஹோட்டல்ல மாவு தேய்க்கிற வேலைதான் பாக்குறாங்க. லீவுக்குப் போனா நானும் கூடப் போவேன்.”

மூன்று ஆண்டுகளாக அவள் தாய் என்ன வேலை செய்கிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அத்துடன் இன்னொன்றும் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. அவள் எங்களை ‘நீங்க’ என்கிறாள்; நாங்கள் அவளை ‘நீ’ என்கிறோம். வயது ஒன்று, வகுப்பு ஒன்று. “எங்களை எதுக்கு ‘நீங்க’ன்னு கூப்பிடுற?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

அவள் மாவிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்கல்லாம் அந்தப் பக்கத்து வரிசைல்ல?” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது. பாட்டி எல்லாரையும் ‘புத்தர்’ என்று ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கையிலிருந்த கட்டைகள் சற்று நேரம் ஓடவில்லை.

மாலையில், அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் உள்ள ஜாலியன்வாலா பாக் சென்றோம். 1919 ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். ஜெனரல் டயரின் ஆணையால் துப்பாக்கிகள் வெடித்த இடம். அரசு ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கு 379. மாண்டவர்கள் அதைவிட மிகப் பலர் என்பதே இந்தியர் தரப்பின் கூற்று. சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களையும், உயிர் தப்பப் பலர் குதித்த கிணற்றையும் கண்டு கண் கலங்கினோம். அன்று அங்கே கூடியவர்கள் இந்துக்கள், சீக்கியர்கள், முஸ்லிம்கள். குண்டு வரிசை பார்த்துப் பாயவில்லை. அவர்கள் ஒன்றாக மடிந்து பெற்றுத் தந்த நாட்டில் நாங்கள் பெஞ்சு பிரித்து உண்கிறோமே என்ற எண்ணம் எழுந்தது. அன்றிரவு செபமாலை சொல்லும்போது எங்கள் குரல் வழக்கம்போல் ஓங்கவில்லை.

திரும்பும் ரயிலில் மிச்சமிருந்த முறுக்கு டப்பா 32 பேரையும் சுற்றி வந்தது. தூளாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆளுக்கு ஒரு பிடி கிடைத்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். விடுதி திரும்பிய முதல் நாள், தட்டை ஏந்தி நின்ற எங்கள் கால்கள் பழக்கத்தால் சன்னலோரத்திற்கே சென்றன. இரண்டாம் நாளும் அப்படியே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் எங்களில் ஒருத்தி எழுந்து கதவருகே போய் அமர்ந்தாள். அங்கிருந்தவர்கள் திகைத்து நகர்ந்தார்கள். அடுத்த நாள் ஐந்து பேர் சென்றோம். ஒரு மாதத்தில், வந்த வரிசைப்படி அமர்வதே எங்கள் வழக்கமாயிற்று. மதர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு, சாப்பாட்டு மணி அடித்தவுடன் தாமும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வரிசையில் அமர்ந்தார்.

அன்புத் தோழியரே! பாரதப் பண்பாடு என்றால் கோயில், கோபுரம், நடனம், உடை என்றே எண்ணியிருந்தோம். அவை உண்டு. ஆனால் செருப்பைத் துடைத்த பெரியவரிடமும், வந்தவர் அனைவரையும் ஒரே சொல்லால் அழைத்த பாட்டியிடமும் நாங்கள் கண்டதும் அதே பண்பாடுதான். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்று இருக்கும் வரை அது தொண்டு ஆகாது. ஒரே பாயில் அமர்ந்த பிறகு யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது மறந்துவிடும். எங்களை அழைத்துச் சென்ற அருட்சகோதரிகளுக்கும், நம்பி அனுப்பிய பெற்றோருக்கும், நால்வரின் பயணச் செலவை ஏற்ற, பெயர் சொல்ல விரும்பாத அன்பருக்கும் எங்கள் நன்றி.

சென்ற வாரம் இரவு உணவின்போது எங்களில் ஒருத்தி சாம்பாரைப் பெஞ்சில் கொட்டிவிட்டாள். ரொட்டி தேய்க்கச் சொல்லிக்கொடுத்த அதே தோழி உரக்கக் கத்தினாள்: “ஏய், உனக்குக் கண்ணு எங்க இருக்கு? நீயே துடைச்சு விடு!”

‘நீ’ என்றாள். நாங்கள் 32 பேரும் சிரித்தோம். துணியைத் தேடி ஓடினோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி