மூடியைத் திறந்து பாக்கிற ஆள்

பிறம்ரனில நான் வேலை செய்யிற சாப்பாட்டுக்கடைக் குசினியில, கோப்பை கழுவிற தொட்டிக்குக் கீழ ஒரு இரும்புப் பெட்டி இருக்கு. கிறீஸ் ட்ராப் எண்டு சொல்லுவினம். கொத்து, றோல்ஸ், ஆட்டிறைச்சிக் கறி எண்டு நாள் முழுக்கச் சமைச்ச எண்ணெய் அதுக்குள்ள மிதந்து நிக்கும், தண்ணி மட்டும் குழாய்க்குள்ள போகும். மூடியைத் திறந்தால் வாற மணத்தைச் சொல்லி உங்கட சாப்பாட்டைக் கெடுக்க விரும்பேல்லை.

பீல் பிராந்தியம் 2010இல கொண்டுவந்த கழிவுநீர் உபவிதிப்படி, ஒரு லீற்றர் தண்ணியில 150 மில்லிகிராமுக்கு மேல சமையல் எண்ணெய் போகக்கூடாது. கூடினால் எப்பிடிக் குறைக்கப்போறம், எப்ப முடிப்பம் எண்டு திட்டம் எழுதிக் குடுத்து அனுமதி எடுக்கவேணும். துப்பரவு செய்த திகதியெல்லாம் கொப்பியில இருக்கவேணும்.

சில வருசத்துக்கு முந்தி முதலாளி அந்தக் கொப்பியை என்னட்டைத் தந்தார். "தம்பி, மூண்டு மாசம் விடுபட்டுப்போச்சு. நிரப்பிவிடும்." நிரப்பினன். சந்தேகம் வரக்கூடாதெண்டு பேனையையும் மாத்தி மாத்தி எழுதினன். 2006இல பாதை பூட்டினதோட நிண்டுபோன கம்பஸ் படிப்பு இதுக்குத்தான் உதவிச்சுது.

பாக்க வந்த மனிசி கொப்பியைக் கேக்கேல்லை. முழங்காலில இருந்து மூடியைக் கழட்டி, தடியை விட்டு அளந்தா. பிறகுதான் கொப்பியைக் கேட்டா. எனக்கு முகத்தை வைக்க இடமில்லை.

அண்டைக்கு இரவு எனக்குச் சுன்னாகம்தான் நினைவில நிண்டது. அங்க மாமி வீட்டுக் கிணத்தில அள்ளிக் குளிச்சு வளர்ந்தவன் நான். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற தண்ணிதான் அப்ப எல்லாருக்கும். அந்தத் தண்ணியில மின் நிலையத்து எண்ணெய் கலந்து, கிணறு வைச்சிருந்த சனம் பவுசருக்கு வாளியோட நிண்டது. 2015 தையில மல்லாகம் நீதிமன்றம் மின் நிலையத்தை நிப்பாட்டச் சொன்னது.

அங்க சட்டம் இல்லாமலில்லை. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இலயே வந்தது. இப்பிடியான நிலையம் நடத்த அனுமதிப்பத்திரம் எடுக்கவேணும், புதுப்பிக்கவேணும். ஆனால் உயர்நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுபோனது ரவீந்திர காரியவசம் எண்ட தெற்கத்தைச் சூழலியலாளர். மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் தங்கட கடமையைச் செய்யேல்லை எண்டும், கம்பனி 2 கோடி ரூபா கட்டவேணும் எண்டும் 2019 சித்திரையில தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கல்லுக்குள்ள இறங்கின எண்ணெயைத் தீர்ப்பால அள்ளேலாது.

இதையெல்லாம் வாசிச்சு அதிகாரிமாரைத் திட்டினவன்தான் நானும். எங்கயோ ஒரு கந்தோரில, கிணத்தை எட்டிப் பாக்காமல் கையெழுத்து வைச்சவன் எப்பிடிப்பட்டவன் எண்டு யோசிச்சிருக்கிறன். பேனை மாத்தி எழுதின அண்டைக்கு அந்த ஆளைக் கண்டன்.

இப்ப நாலு கிழமைக்கு ஒருக்கா நானே மூடியைத் திறக்கிறன். பிறகுதான் கொப்பியைத் தொடுறது.