நான் போட்ட முட்டுக்கட்டை

கணவர் ஒரு காரியத்தில் இறங்கும்போது குறுக்கே பேசும் மனைவிக்கு நம் வீடுகளில் ஒரு பட்டப் பெயர் உண்டு. 'முட்டுக்கட்டை' என்பார்கள். சகோதரிகளே, உங்களுக்கு யாராவது அந்தப் பட்டத்தைச் சூட்டினால் வருத்தப்படாதீர்கள். அது எவ்வளவு உயர்ந்த பொருள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய அம்பாஸடர் கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அடியொற்றிப் பிறந்த வண்டி. 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. என் கணவருக்கு அதன்மேல் உள்ள பிரியம் மட்டும் நிற்கவில்லை. சென்ற வருஷம் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கூச்சல் போடுமே தவிர, வண்டி நகர மனசு வைக்காது. தேய்ந்த கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டுமானால், அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கியர் பாக்ஸை முதலில் இறக்கியாக வேண்டும்.

"இதற்கு லிஃப்ட் எதற்கு? நம் போர்ட்டிகோவே போதும்" என்றார், ரிடையராகி வீட்டில் பொழுது போகாமல் இருந்த மனிதர்.

"தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் எனக்கு மூன்று நிபந்தனைகள்" என்றேன்.

"ஆரம்பித்துவிட்டாயா முட்டுக்கட்டை போட?"

ஆம், நிஜமாகவே போட்டேன்! பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான மரக்கட்டைகள். இதன் காரணம் கேளுங்கள். கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி உருளாது என்று நாம் நினைக்கிறோம். கியர் பாக்ஸையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் நீண்ட தண்டைக் கழற்றிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. அப்புறம் ஹேண்ட் பிரேக்கும் கட்டையுமே துணை.

இரண்டாவது, ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள். செங்கல்லை அடுக்கக் கூடாது. பாரம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். மூன்றாவது, தனியாக ஒரு நாளும் அடியில் போகக் கூடாது. போவதற்கு முன் வண்டியைப் பக்கவாட்டில் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும்.

முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். முதலில் பாட்டரி வயரைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்தார். தண்டு பொருந்தும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்துக்கொண்டார். திரும்ப அதே வாக்கில் பூட்டாவிட்டால் வண்டி அதிரக்கூடுமாம். கழற்றிய போல்ட்டுகளை இடம் மாறாமல் வைக்க என் பழைய அஞ்சறைப் பெட்டியைக் கொடுத்தேன். எஞ்சினின் பின்பக்கத்தைக் கியர் பாக்ஸ்தான் தாங்குகிறது என்பதால், எஞ்சினுக்கு அடியில் மரத்துண்டு வைத்துத் திருகு ஜாக்கியால் முட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் பகல். அவர் தலை மறைய அடியில் படுத்திருந்தார். நான் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்தில் உபரியாக விட்டிருந்த எண்ணெய் ஜாக்கியின் காலடியில் ஈரம் பளபளத்தது. உற்றுப் பார்த்தேன். ஜாக்கியின் தலைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி! சத்தமில்லாமல் அது இறங்கிப் போயிருந்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியோ ஸ்டாண்டுகள் மேல் இம்மியும் அசையாமல் நின்றது.

"என்னங்க, கொஞ்சம் வெளியே வாருங்கள்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

வந்தார். பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. "காப்பி கொடு" என்றார், கடைசியில்.

மறுநாள் என் தம்பி மகனும் வந்து சேர்ந்தான். கியர் பாக்ஸ், ஒருவர் படுத்துக்கொண்டு மார்பில் வாங்கக் கூடிய எடையல்ல. வேறொரு ஜாக்கியின் மேல் பலகை வைத்து, நேர் பின்னால் இழுத்து இறக்கினார்கள். புதுப் பிளேட்டைக் கடைந்த மரக்குச்சியால் மையத்தில் நிறுத்தி முடுக்கினார்கள். திரும்ப ஏற்றுவதுதான் பொறுமைக்குச் சோதனை. பற்கள் பொருந்தாவிட்டால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்து நுழைக்கக் கூடாது. பாரத்தைப் பிளேட்டின் மேல் தொங்கவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் புதுப் பிளேட்டே வளைந்துவிடும். நாலாவது முயற்சியில் 'டக்'கென்று உட்கார்ந்தது. மறக்காமல் புது ஆயிலும் ஊற்றினார்கள்.

முதல் சவாரி மயிலாப்பூருக்கு. கியர் வெண்ணெயாய் விழுந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் இருக்கலாம். அவர் அடியில் நுழையுமுன் நீங்கள் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஸ்டாண்டு இருக்கிறதா, கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் ஜாக்கி இரவல் கேட்டு வந்தால், என் கணவர் ஸ்டாண்டுகளையும் கட்டைகளையும் சேர்த்தேதான் கொடுத்தனுப்புகிறார்.